லயத்துக்குப் பின்னால் மூன்றடி நிலம்

இலங்கையின் மலைநாட்டில் புசல்லாவையிலிருந்து கம்பளைக்குப் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஒரு வளைவில் தேயிலை முடிந்து சிங்களக் கிராமம் தொடங்கும். அங்கே ஒரு வீட்டைச் சுற்றிப் பலா, அதற்குக் கீழே கமுகு, கமுகில் ஏறிய மிளகுக்கொடி, கராம்பு, வாழை, தரையில் இஞ்சியும் மஞ்சளும் வல்லாரையும். அரை ஏக்கருக்குள் ஒரு சின்னக் காடே இருக்கும். அடுத்த வளைவில் மறுபடியும் தேயிலை. அதற்கு நடுவே ஒரு லயம். ஒரே தகரக் கூரையின் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். லயத்துக்குப் பின்னால், தண்ணி வடியும் கானுக்கும் தேயிலைச் செடிக்கும் இடையில் மூன்றடி அகலத்துக்குக் கொஞ்சம் போஞ்சி, ஒரு மரத்தக்காளிக் கன்று, ஒரு சௌசௌ பந்தல். அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் மண் ஒன்று, மழை ஒன்று.

அந்தக் கிராமத்து வீட்டுத்தோட்டத்தை வெளிநாடுகளிலிருந்தும் வந்து படிக்கிறார்கள். கண்டிய வீட்டுத்தோட்டம் என்று பெயர் சொல்லி, மரப்பயிரும் உணவுப்பயிரும் அடுக்கடுக்காக வளரும் முறைக்கு நல்ல முன்மாதிரி என்று வேளாண் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். மூன்றடிப் பாத்தியைப் பார்க்க யாரும் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. நான் எழுத வந்தது அந்த மூன்றடியைப் பற்றித்தான்.

நிலைபேறான வாழ்க்கை, சமூக மாற்றம், கல்வி என்ற சொற்கள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நடக்கும் செயலமர்வுகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. நல்ல சொற்கள். அவற்றை நம்புகிறவன் நான். ஆனால் ஒரு சமூகம் ஓர் இடத்தில் நிலைத்து வாழ வேண்டுமென்றால், அந்த இடத்தில் ஒரு மரம் நட்டுவிட்டு அது காய்க்கும்வரை காத்திருக்கும் உரிமையாவது அதற்கு வேண்டும். தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் இந்தத் தோட்டப் பகுதியான மலையகத்தில் அந்த உரிமை 200 வருடமாக இல்லை. அதனால் இங்கே படிப்பு என்பது ஊரைவிட்டுப் போகும் வழியாகவும், ஊரில் இருப்பது படிக்காததற்குக் கிடைத்த தண்டனையாகவும் ஆகிப்போனது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் செய்யும் எந்தத் திட்டமும் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்குவதை நான் பார்த்ததில்லை.

முடிச்சு எப்படி விழுந்தது என்று பார்க்க வேண்டும். கம்பளைக்குப் பக்கத்தில் முதல் கோப்பித் தோட்டம் 1820களின் தொடக்கத்தில் உண்டானது. 1823ஐ மலையகத் தமிழர் வரலாற்றின் தொடக்கமாக வைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 200ஆம் ஆண்டு நினைவு நடைபயணம் போனது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும், காட்டை எரித்துப் பயிர் செய்யும் சேனை நிலத்தையும் அரசுக்குச் சொந்தம் என்றது. அந்த நிலம்தான் தோட்டமாக விற்கப்பட்டது. அதாவது சிங்கள விவசாயியின் மேய்ச்சல் காடும் போனது. அந்தக் காட்டை வெட்டிய தமிழ்த் தொழிலாளிக்கும் அதில் ஒரு பிடி மண் கிடைக்கவில்லை. இந்த இரண்டு இழப்பையும் சேர்த்துப் பேசாததால் எத்தனையோ கசப்பு வளர்ந்தது.

கோப்பிக்குப் பருவகாலத்தில்தான் ஆள் வேண்டும். பழம் பறிக்கும் மாதங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, முடிந்ததும் திரும்பிப் போகிறவர்களுக்காகக் கட்டியதுதான் லயம். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்தான் லயமாயிற்று. வரிசை என்று பொருளே தவிர, வீடு என்ற பொருள் அதில் இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்தது. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் மலையெல்லாம் தேயிலை ஆகிவிட்டது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். தங்கும் காலம் மாறியது. தங்கும் இடம் மாறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற ஒரு தாழ்வாரம். பருவத்துக்கு வந்து போகிறவருக்குக் கட்டிய அறையில் ஐந்தாவது ஆறாவது தலைமுறை பிறந்துகொண்டிருக்கிறது.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வது என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். இந்தக் கணக்கு முழுவதும் தீர 1988, 2003 சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரஜை இல்லாதவருக்குக் குடியேற்றத் திட்டக் காணி கிடையாது. 1972இன் நிலச்சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை ஆயின. நிலம் கைமாறிய அந்த வருடங்களில், அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்குப் பங்கு வரவில்லை. சில இடங்களில் லயத்தை விட்டே துரத்தப்பட்டார்கள்.

அதே காலத்தில்தான் பஞ்சமும் வந்தது. 1973, 74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். எங்கள் அப்பாயி அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: “பக்கத்துக் கிராமத்துல பலாக்காய் அவிச்சுத் தின்னு தப்பிச்சுட்டாங்க. நம்மகிட்ட தேயிலதான் இருந்துச்சு. தேயிலயத் திங்க முடியுமா?” அடிப்படையை இதைவிடத் தெளிவாக எந்தச் செயலமர்விலும் நான் கேட்டதில்லை. ஒரே பயிர், ஒரே கூலி, ஒரே கடை. அதில் எது நின்றாலும் அடுப்பு நின்றுவிடும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து கோதுமை மா விலை ஏறியபோது, றொட்டியை நம்பி வாழும் லயங்களில் அப்பாயி சொன்ன கதை மறுபடியும் நடந்தது. அந்த மாதங்களில் மூன்றடிப் பாத்தி வைத்திருந்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. மாடு வைத்திருந்த வீடு இன்னும் கொஞ்சம் தாங்கியது.

மக்கள் நிலத்தைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் டெவன் தோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1977இல் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க முயற்சி நடந்தபோது தொழிலாளர்கள் அதைத் தடுத்து நின்றார்கள். மே 11ஆம் தேதி டெவனில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைக் காக்க ஒருவர் உயிர் கொடுத்தார். அந்த நிலம் போனால் தன் சமூகம் இருக்க இடமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1920ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. பத்து வயதுக்குப் பிறகு? மலை இருக்கிறது, கொழுந்துக்கூடை இருக்கிறது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த அந்தப் பெரிய மாற்றம் கிராமத்துப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்கள் வழியாகப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோனது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளைவிட முப்பது வருடம் பிந்தித்தான் மலையகப் பிள்ளை ஓட்டத்தைத் தொடங்கியது. பிறகு சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. அதிலிருந்து வெளியேறிய ஆசிரியர்கள் மலையகத்துப் பள்ளிக்கூடங்களின் முகத்தையே மாற்றினார்கள். இதைச் சின்னச் சாதனையாக யாரும் நினைக்கக்கூடாது. கூலிக்காரரின் பிள்ளை ஆசிரியர் ஆகி, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வருவது என்பது இந்த மலைகளில் ஒரு புரட்சிதான்.

ஆனாலும் ஒரு கோணல் இருந்தது. பிள்ளைகளிடம் நாம் சொல்வது என்ன? “படிக்காட்டி மலைக்குத்தான் போகணும்.” நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எங்கள் அம்மா என்னிடம் சொன்னதும் இதுதான். சொல்லும்போது அதில் எவ்வளவு அன்பு இருக்கிறதோ அவ்வளவு காயமும் இருக்கிறது. அம்மா செய்யும் வேலை தண்டனை, நாம் வாழும் இடம் தப்பிக்க வேண்டிய இடம் என்று பிள்ளையின் மனதில் ஏழு வயதிலேயே எழுதிவிடுகிறோம். பரீட்சையில் தேறியவர் தேறியபடியே போய்விடுகிறார். தேறாதவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார், கடனை அடைக்க அம்மா வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு நடக்கும் தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருக்கிறது. கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளையிடம் சொந்த மலையைப் பற்றிப் படி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை, ரொம்ப நாள்.

முகவரி விஷயம் இன்னொன்று. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீட்டுக்கு வரும், சிலநேரம் வராது. நேர்முகப் பரீட்சை முடிந்து மூன்று நாள் கழித்து அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வாழ்க்கை அந்த மூன்று நாளில் திரும்பிவிட்டது. பிரதேச சபைச் சட்டமும் நீண்ட காலம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்து ரோட்டுக்கும் குடிதண்ணிக்கும் மக்கள் நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். வாக்குப் போட்டுச் சபைக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த ஆளால் வாக்குப் போட்டவரின் வாசலில் ஒரு கானைக்கூடக் கட்ட முடியவில்லை.

இந்த இருட்டுக்குள்ளே படிப்பையும் வாழ்க்கையையும் ஒன்றாகக் கட்டிப்பார்த்தவர்கள் இருந்தார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அவர்கள்தான்.

முதலில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சியம்மையும். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடிக்கும் காலத்தில் புடவை வியாபாரிபோல உள்ளே போனவர் நடேசய்யர். மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குச் சட்டமும் சம்பளமும் பாட்டாகப் போய்ச் சேர்ந்தன. மலையகத்தில் முதியோர் கல்வி அங்கேதான் தொடங்கியது என்பேன்.

பிறகு 1960கள். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இருந்த இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் படித்த இளைஞர்களைத் திரட்டினார்கள். மன்றங்கள் தோன்றின, இராப்பள்ளிக்கூடங்கள் நடந்தன. வேலை முடிந்து வந்தவர்கள் அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கூட்டினார்கள். அங்கே படித்தவர்கள் அங்கேயே தங்கிச் சங்கமும் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள்.

கண்டியில் 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதயம் இன்னொரு வழி. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து இருந்து, சேர்ந்து வேலை செய்து, தோட்டத்து மக்களின் நிலையை ஆராய்ந்து எழுதிய இடம் அது. கிராமமும் லயமும் ஒன்றையொன்று பயந்து பார்த்த வருடங்களில் அப்படி ஒரு வீடு இருந்தது என்பதே பெரிய காரியம்.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது காந்தியம். 1970களின் இனக்கலவரங்களில், முக்கியமாக 1977இல், அடிபட்டு வடக்கே ஓடிய மலையகக் குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்தியது அந்த இயக்கம். டாக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் அதை நடத்தினார்கள். குடும்பத்துக்கு நிலம், பயிர் செய்யப் பயிற்சி, பிள்ளைக்குப் பாலர் பாடசாலை, பாலர் பாடசாலையில் பால். இந்த நான்கையும் அவர்கள் தனித்தனித் திட்டமாக வைக்கவில்லை. பாலர் பாடசாலையில் படிப்பிக்க அந்தந்த ஊர்ப் பெண்களையே பழக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பேர்க் கணக்குக்கு, அதாவது நாட்கூலிக்கு, வேலை செய்தவர்கள் முதன்முதலாகத் தமக்கென்று கிணறு வெட்டினார்கள். 1983இல் இருவரையும் கைது செய்தார்கள். ஜூலை 27ஆம் தேதி கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள்மேல் நடந்த இரண்டாம் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார். அந்தப் பண்ணைகள் போரில் சிதறின. ஆனால் நிலமும் படிப்பும் ஒன்றாகக் கிடைத்தால் மலையகக் குடும்பம் ஐந்தே வருடத்தில் நிமிர்ந்துவிடும் என்று அங்கே கண்ணால் பார்த்தார்கள். திறமையின்மை, சோம்பல், குடி என்று நம் மக்களைப் பற்றி அடுக்குகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

இப்போது மண்ணைப் பற்றிக் கொஞ்சம். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவார்கள். மழைத்தண்ணி அதில் தங்கி, மண்ணை விட்டுவிட்டு மெதுவாக இறங்கும். எந்த இடத்தில் எவ்வளவு சாய்வு, எங்கே கல் அடுக்க வேண்டும், எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று வயதானவர்களுக்குத் தெரியும். ஆள் குறைந்ததும் பல தோட்டங்களில் கான் வேலை குறைந்துவிட்டது. கான் தூர்ந்தால் தண்ணி மலைக்குள் இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக வேறு நிலம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் இறங்கின. ‘நிலைபேறான’ என்ற சொல்லுக்கு மலையகத்தில் முதல் அர்த்தம் இதுதான்: மழை நாளில் பயமில்லாமல் தூங்குவது.

மண்ணைப் பற்றிய அறிவை மேலிருந்து கட்டளையாகப் போட்டால் என்ன ஆகும் என்று 2021இல் பார்த்தோம். ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அந்த வருடம் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்து குறைந்தபோது நாளுக்குப் பறிக்க வேண்டிய நோம் அளவை எடுக்க முடியாமல் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கியவர் மலையில் நின்ற பெண்தான். இத்தனைக்கும் இதல்கஸ்ஹின்னையில் 1980களிலிருந்தே இயற்கைமுறைத் தேயிலை நடக்கிறது. படிப்படியாக, மண்ணைப் பழக்கி, ஆளைப் பழக்கிச் செய்ததால் அங்கே அது நின்றது. இயற்கை விவசாயத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே 2021இல் நடந்தது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நல்ல ஒரு காரியத்தின் பெயரைத் தோட்டத்து மக்களிடம் பத்து வருடத்துக்குக் கெடுத்துவிட்டார்கள்.

கட்டளை வேண்டாம் என்றால் வேறு என்ன? புதிதாக ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை. லயத்தில் ஏற்கெனவே சேர்ந்து வாழும் முறை இருக்கிறது. ஒரு சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கம் அரைமணி நேரத்தில் பந்தல் போட்டுவிடும். பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். பால் சங்கம் இருக்கிறது. பீலிக்கரையில் முறை வைத்துத் தண்ணி பிடிக்கிறார்கள். மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்து என்றால் தோட்டமே சேர்ந்து கம்பம் நட்டு, வேஷம் பிரித்து, காசு சேர்த்து, பல நாள் விரதமிருந்து நடத்தி முடிக்கும். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல் செய்யத் தெரிந்த மக்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்க நாம் வெளியிலிருந்து ஆள் கூட்டி வருகிறோம்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் சின்னதாக ஒன்று செய்து பார்த்தோம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தோட்டத்து ஊற்றுகளை வரைபடமாக்கினார்கள். தாத்தாமாரைக் கேட்டு, எந்த ஊற்று எப்போது வற்றியது, அதற்கு மேலே முன்பு என்ன மரம் நின்றது என்று எழுதினார்கள். வெளிநாட்டு மரமான டர்பன்டைனை நட்ட பக்கத்தில் இரண்டு ஊற்று செத்திருந்தது. கணிதப் பாடத்தில் பாத்தி அளந்தார்கள், விஞ்ஞானப் பாடத்தில் மாட்டெரு மக்க வைத்தார்கள். வீட்டிலிருந்து போஞ்சி விதை வந்தது. ஒவ்வொரு விதைக்கும் ஓர் ஆயாவின் பெயர். கணிதத்தில் வாயே திறக்காத ஒரு பையன் கான் சாய்வை அளக்கும்போது எங்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அவனுடைய அப்பா கான் வெட்டுகிறவர். அன்றைக்குத்தான் அவன் தன் அப்பாவின் வேலையைப் பெருமையாகச் சொல்லக் கேட்டேன்.

அடுத்த தவணையில் அந்தப் பாத்திகளை எடுக்கச் சொன்னார்கள். பாடசாலைக்கென்று குறித்த எல்லைக்கு வெளியே இருந்ததாம், தோட்டத்துக் காணியாம். தோட்டப் பாடசாலைகளுக்குத் தலா 2 ஏக்கர் கொடுப்பது என்ற முடிவு எத்தனையோ காலமாகப் பேச்சில் இருக்கிறது. கொடுத்த இடத்தில் விளையாட்டுத்திடலும் தோட்டமும் வந்திருக்கின்றன. எங்களுக்கு வரவில்லை. பிள்ளைகள் செடிகளைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப்போய் அந்த மூன்றடியில் நட்டார்கள். அதனால்தான் படிப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிலக் கணக்கைப் பார்ப்போம். இலங்கைத் தேயிலையில் முக்கால்வாசிக்குக் கிட்டச் சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்துதான் வருகிறது. சுமார் நான்கு இலட்சம் பேர், பெரும்பாலும் தெற்கிலும் சப்ரகமுவையிலும், அரை ஏக்கர் ஓர் ஏக்கர் வைத்துக்கொண்டு கொழுந்து விற்கிறார்கள். தேயிலைக்குப் பெரிய தோட்டம் கட்டாயம் வேண்டும் என்ற வாதம் இங்கேயே உடைந்துவிட்டது. ஆனால் அந்த நான்கு இலட்சத்தில் 200 வருடமாகத் தேயிலையோடு வாழ்கிறவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குத் தேயிலை பற்றி எல்லாம் தெரியும், தேயிலை சொந்தமில்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் போராடி அது 2021இல் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தப் போராட்டங்கள் வேண்டியவைதான். ஆனால் சம்பளம் ஏற ஏற வேலைநாளைக் குறைக்க நிர்வாகங்களுக்குத் தெரிகிறது. எல்ல பக்கம் அம்பா தோட்டத்தில் வருமானத்தில் ஒரு பங்கைத் தொழிலாளரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். சிறிய இடம்தான். இருந்தாலும் தேயிலைக்கும் தொழிலாளிக்கும் நாட்கூலியைத் தவிர வேறு உறவும் சாத்தியம் என்று அது காட்டுகிறது.

லயத்துக்குப் பதிலாக வந்த தனிவீட்டுத் திட்டங்களில் வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்பதுதான் பல வருடமாக இருந்த அளவு. சதுர மீட்டரில் சொன்னால் 177 வரும். வீடு போக மிச்சத்தில் ஒரு வீட்டுத்தோட்டம் நெருக்கமாக வரும். போதாது, 20 பேர்ச் வேண்டும் என்று கேட்கிறவர்களோடு நானும் சேர்ந்துதான் கேட்கிறேன். ஆனால் தனிவீடு வந்த இடங்களைப் பார்த்துவிட்டு, 7 பேர்ச்சைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பெனிகளுக்கான குத்தகை 1992இலிருந்து 53 வருடம். அது 2045இல் முடியும். இப்போது முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்கு அப்போது இருபத்தைந்து வயதாகும். அந்த நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சில் உட்காரப்போவது இந்தப் பிள்ளைகள்தான். ஊற்று வரைபடமும் கான் சாய்வும் மண் பரிசோதனையும் காணிச் சட்டமும் அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

பெண்களின் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதக்கூடாது. நான்கு மணிக்கு எழும்புகிறார். றொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, விறகு தூக்கி வந்து, மறுபடி அடுப்பு. ஞாயிறு என்றால் எடைக்குக் காசு வாங்கும் கைக்காசு வேலை. இதற்கு நடுவில் மாதர் சங்கக் கூட்டம், வீட்டுத்தோட்டப் போட்டி, சேமிப்புக் குழு என்று ஒவ்வொரு நிறுவனமும் அவரிடமே போய் நிற்கிறது. சமூக மாற்றத்தின் சுமையையும் அதே முதுகில் ஏற்றுகிறோம். பீலி வாசலுக்கு வந்தால், மாட்டுச் சாணத்தில் எரிவாயு அடுப்பு எரிந்தால், புருஷன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அவருக்கு ஒரு நாளில் இரண்டு மணிநேரம் மிச்சமாகும். எந்தப் பயிற்சிக்கும் முன்னால் அந்த இரண்டு மணிநேரத்தைக் கொடுக்க வேண்டும்.

போன வருடம் புசல்லாவைப் பக்கம் ஒரு புது வீட்டுத் திட்டத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா அங்கே இருக்கிறார். கொழுந்துக்குப் போய் ஓய்வு பெற்றவர். தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். போஞ்சி இருந்தது, பொன்னாங்காணி இருந்தது, வேலி ஓரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு பலாக்கன்று. சுற்றி முள் வைத்திருந்தார், மாடு கடிக்காமல். காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன்.

“ஏழெட்டு வருசம் ஆகும்னு சொல்றாங்க சேர்.”

காணி உறுதி கைக்கு வந்துவிட்டதா என்றும் கேட்டேன்.

“அது இன்னும் வரல்ல. கன்ன வச்சுட்டேன்.”